1986 டொயோட்டா டால்ஃபின் மோட்டர்ஹோம்: பின்சக்கரத்தில் ஐந்து நட், மேல்படுக்கை மூலையில் ஈரம். வாங்கலாமா?

தூரவழி:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் 1986 மாடல் டொயோட்டா டால்ஃபின் ஒன்று விலைக்கு வந்திருக்கு. 21 அடி, 22ஆர்ஈ எஞ்சின், ஓட்டோமேட்டிக், 98,000 மைல். கேட்கிற விலை 11,500 அமெரிக்க டொலர். நான் இருப்பது ஒன்ராறியோவில். பெரியவர் இரண்டு பேர், சின்னப் பிள்ளை ஒன்று, கோடையில் போய்வரத்தான். இதைவிடப் பெரிய வண்டி எங்கட டிரைவ்வேயில் நிற்காது.

போய்ப் பார்த்ததில் குறித்துக்கொண்டவை:

பின்னால் இரட்டைச் சக்கரம். வெளிச் சக்கரத்தில் ஐந்து நட். நடுவில் ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டு இல்லை, தட்டையான மூடிதான்.

ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கையில் இடப்பக்க முன்மூலையை அமத்தினால் பலகை உள்ளே போகுது. வெளியில் அதே மூலையில் புது வெள்ளை சிலிக்கன் தாராளமாகப் பூசியிருக்கு.

காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் முதல் இரண்டு மூன்று விநாடி முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம், பிறகு நிற்கும்.

ஃபிரிட்ஜ் கேஸில் பத்தவில்லை. கரண்டில் ஓடும் என்கிறார்.

பின் ஸ்பிரிங்குக்கு ஏர்பேக் போட்டிருக்கு, 80 பிஎஸ்ஐ காற்று. ரயர் நான்கு பக்கமும் நல்ல கட்டை (தரையைப் பிடிக்கிற மேடு).

இதில் எது கைவிட வேண்டிய குறை, எது திருத்தக்கூடியது? எந்த விலைக்குக் கேட்கலாம்?

ஆக்சில் அண்ணாச்சி:

இந்த வண்டிகளில் எஞ்சினைக் கடைசியாகப் பாருங்க. முதல்ல பின்சக்கரம். நீங்க எழுதினதில் எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் அந்த ஐந்து நட்தான்.

டொயோட்டா கொடுத்தது கேபினும் சேஸியும் மட்டும். மேலே வீட்டுப் பெட்டியைக் கட்டினது வேற கம்பெனிகள். டால்ஃபினைக் கட்டினது நேஷனல் ஆர்வி. ஆரம்ப வருஷங்களில் கீழே இருந்தது சாதாரண பிக்கப்பின் செமி-ஃப்ளோட்டிங் ஆக்சில். அதில் வண்டியின் எடை ஷாஃப்ட் மேலேயே உட்காரும், ஒரு பக்கத்துக்கு ஒரே பேரிங். பெட்டியின் எடையைப் பார்த்துட்டு அடாப்டர் வெச்சு இரண்டாவது சக்கரத்தை மாட்டினாங்க. டயர் மேல இருந்த சுமை பாதியாச்சு, ஷாஃப்ட் மேல இருந்த சுமை அப்படியே நின்னுது. போதாக்குறைக்கு அது தாங்குற இடம் வெளியே தள்ளிப்போச்சு. பேரிங் சூடாகும், ஷாஃப்ட் பேரிங் பக்கத்தில் முறியும். முறிஞ்சா சக்கரம் இரண்டும் ஷாஃப்ட் துண்டோட சேர்ந்து வெளியே போகும். ஓடிக்கிட்டிருக்கும்போது நடக்கிற விஷயம் இது.

சரியானது ஒரு டன் வகைச் சேஸியில் வர்ற ஃபுல்-ஃப்ளோட்டிங் ஆக்சில். ஆறு நட், சக்கரத்தின் நடுவிலிருந்து ஹப் சில அங்குலம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். எடையைத் தாங்குறது ஆக்சில் குழாய் மேல் இருக்கிற இரண்டு டேப்பர் பேரிங். ஷாஃப்டுக்குச் சுத்துறது மட்டும்தான் வேலை. அது முறிஞ்சாக்கூட சக்கரம் இடத்திலேயே நிக்கும்.

"1986ன்னா நல்ல ஆக்சில்தான்"னு விக்கிறவர் சொல்வார். பெட்டிக்கு ஒரு மாடல் வருஷம், சேஸிக்கு ஒரு மாடல் வருஷம். வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) பத்தாவது எழுத்தைப் பாருங்க: எஃப் இருந்தா 1985 சேஸி, ஜி இருந்தா 1986. குறையைத் திருத்தித் தர ரீகால் வந்தப்போ நிறைய பழைய வண்டிகளில் ஆக்சிலை மாத்தியும் கொடுத்திருக்காங்க. அதனால வருஷம் எதையும் நிரூபிக்காது. நட்டை எண்ணணும், ஹப்பைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

அடுத்தது அந்த ஏர்பேக். 80 பிஎஸ்ஐ எதுக்கு? காத்தை 5 பிஎஸ்ஐக்கு இறக்கச் சொல்லுங்க, முழுசா இறக்கக் கூடாது, பை மடிஞ்சு கிழியும். பின்பக்கம் தொங்கினா பட்டை ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கு, இல்லைன்னா சுமை அதிகம். ஏர்பேக் உயரத்தைத் தூக்கும், ஆக்சிலின் தாங்கும் திறனை ஒரு பவுண்டு கூட ஏத்தாது. சுமையை ஃபிரேமில் ஒரே புள்ளியில் குத்தவும் செய்யும். பின் ஆக்சிலுக்குப் பின்னால ஃபிரேமை வெல்டு பண்ணி நீட்டியிருப்பாங்க. அந்த வெல்டுப் பக்கம் டார்ச் அடிச்சு விரிசலும் துருவும் இருக்கான்னு பாருங்க. மிச்சிகன் உப்பு ரோட்டில் ஓடின வண்டி வேற.

எடைக்கு ஊகம் வேண்டாம். டிரக் ஸ்டாப்பில் இருக்கிற எடைமேடையில் ஏத்தினா முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியா சீட்டு கொடுப்பாங்க. ஓட்டுநர் கதவு நிலையில் இருக்கிற தகட்டோட ஒப்பிடுங்க. இந்த வகையில் மொத்த அனுமதி 5,500 முதல் 6,000 பவுண்டு வரை பார்க்கலாம். 20 கேலன் தண்ணியே 167 பவுண்டு. ஆளுங்க, படுக்கை, பாத்திரம், கூரை மேல ஏசின்னு சேர்த்தா மிச்சம் ரொம்பக் கொஞ்சம். பின்னால பம்பரில் ஸ்கூட்டர் தொங்கவிடுறதெல்லாம் நினைக்கவே வேண்டாம்.

டயருக்குக் கட்டை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இந்த வண்டியில் கட்டை தேயுறதுக்கு முன்னாடி ரப்பர் செத்துடும். பக்கச் சுவரில் தேதிக் குறியின் கடைசி நாலு எண்ணைப் படிங்க: 2316ன்னா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஆறேழு வருஷம் தாண்டினா கட்டை புதுசா இருந்தாலும் மாத்தணும். உள் சக்கரத்துக் குறி பெரும்பாலும் உள்பக்கம் திரும்பியிருக்கும், கீழே படுத்துத்தான் பார்க்கணும். அளவு 185ஆர்14, லோட் ரேஞ்ச் டி. சுமைக்குறி 102/100ன்னா ஒத்தைச் சக்கரத்தில் 850 கிலோ, இரட்டையில் ஒண்ணுக்கு 800 கிலோ. கார் டயர் மாட்டியிருந்தா, வாங்கினதும் முதல் செலவு அதுதான்.

ஈரமானி:

ஆக்சில் பற்றி அண்ணாச்சி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் பணத்தையும் நேரத்தையும் விழுங்கப்போவது அந்த மூலை. ஆக்சில் இரண்டு நாள் வேலை. மரம் அழுகியிருந்தால் ஒரு குளிர்காலம் போய்விடும்.

டால்ஃபினின் பெட்டி, மெல்லிய பைன் குச்சிகளை ஸ்டேப்பிள் அடித்துக் கட்டிய கூடு. உள்ளே 3 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் தெர்மோகோல், வெளியே ஃபைபர் அல்லது அலுமினியத் தகடு. தகடுகள் சேரும் மூலையெல்லாம் அலுமினியப் பட்டையும் திருகும்தான். கூரையும் பக்கமும் சேர்த்தே வார்த்த ஃபைபர் ஓடாக வந்த சன்ரேடர் என்ற டொயோட்டா மோட்டர்ஹோமில் இந்த மூலைத் தொல்லை குறைவு; அதனால்தான் அதற்கு விலை அதிகம்.

மேல்படுக்கைக்குத் தண்ணீர் வரும் வழிகள், நிகழ்தகவு வரிசையில்: முன் ஜன்னல் சட்டம், பக்க மூலைப் பட்டை, நெற்றியில் வரிசையாக இருக்கும் ஆம்பர் விளக்குகள், கூரையும் நெற்றியும் சேரும் மடிப்பு. ஓடும்போது காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும் என்பதால் நின்ற வண்டியில் ஒழுகாதது மழையில் ஓட்டும்போது ஒழுகும். அந்தப் புது சிலிக்கன், ஒழுகல் அவருக்குத் தெரியும் என்பதற்கான சான்று. வெளியே பூசினால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி இன்னும் வேகமாக அழுகும்.

ஊசி உள்ள ஈரமானி ஒன்று 30, 40 டாலருக்குக் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே நல்லது. 20க்கு மேலே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. 30 என்றால் அங்கே மரம் இல்லை, மரம் இருந்த இடம்தான். எங்கெல்லாம் குத்திப் பார்ப்பது: மேல்படுக்கை மெத்தையைத் தூக்கி நான்கு மூலை, கூரை வென்ட்டைச் சுற்றி, ஏசியைச் சுற்றி, அலமாரிக்குள்ளே பின்சுவர், கழிவறைத் தரை, பின்பம்பருக்கு மேலே உள்ள மூலைகள். ஈரமானி இல்லாவிட்டால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், அழுகியது பொத்தென்று கேட்கும். வெளியில் தகட்டின்மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒட்டு விட்ட இடம் அலையாகத் தெரியும்.

ஒழுகும் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க ஒரு வழி: ஜன்னல், கதவு எல்லாம் மூடி, கூரை வென்ட்டில் அட்டை வைத்து அதில் ஒரு புளோவரைப் பொருத்தி உள்ளே காற்றடியுங்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். அதற்கு முன் கேஸ் அடுப்பு, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

திருத்தும் விதம்:

முதலில் முட்டுக்கொடுங்கள். முன்மூலைக் குச்சிகளை எடுத்துவிட்டால் நெற்றிப் பகுதி தொங்கி ஜன்னல் வெடிக்கும். தரையிலிருந்து இரண்டு பக்கமும் மரக்கால் வைத்து, பலகை குறுக்கே போட்டு, படுக்கையின் அடிப்பக்கத்தைத் தாங்க வேண்டும்.

மூலைப் பட்டையின் நடுவே ஓடும் வினைல் நாடாவை இழுத்தெடுத்தால் திருகு வரிசை தெரியும். பாதித் திருகு துருப்பிடித்து முறியும், எதிர்பார்த்ததுதான். பட்டையைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் மெல்லக் கிளப்புங்கள். வளைந்தால் மறுபடி நேராகாது, புதிய பட்டை அதே வடிவத்தில் கிடைப்பது பாடு. பழைய பசையை மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். சிலிக்கனுக்கு அது எடுபடாது. சிலிக்கன் மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கனும் ஒட்டாது. கடைசித் துணுக்கு வரை சுரண்டியே ஆகவேண்டும். இந்த ஒரு வேலையில் பொறுமை போனால் மிச்சமெல்லாம் வீண்.

உள்ளே பிளைவுட்டைப் பிரித்து, அழுகிய குச்சியை வெட்டுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் இடத்திலிருந்து இன்னும் 6 அங்குலம் தாண்டித்தான் வெட்டு. புதுக் குச்சியைப் பழையதோடு பக்கவாட்டில் ஒரு அடியாவது சேர்த்து, பாலியூரித்தேன் பசையும் திருகும். மெத்தென்று ஆன மரத்தைக் கெட்டியாக்கும் திரவம் என்று விற்பதை ஜன்னல் ஓரத்துக்குப் பூசலாம், எடை தாங்கும் குச்சிக்குப் போதாது. மூடுவதற்கு முன் டீஹியூமிடிஃபையர் போட்டு மீதி மரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடியவர்கள் இரண்டாம் முறை பிரிப்பார்கள்.

பட்டையைத் திரும்ப மாட்டும்போது அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா), முக்கால் முதல் ஒரு அங்குல அகலம், எட்டில் ஒரு அங்குலத் தடிமன். எஃகுத் திருகுக்குப் பதில் 8ஆம் எண் ஸ்டெயின்லெஸ் திருகு. பியூட்டைல் ஓரமெல்லாம் பிதுங்கும்வரை முடுக்குங்கள். மூன்று நான்கு நாள் வெயிலில் நின்றபின் மறுபடி கொஞ்சம் முடுக்க இடம் கொடுக்கும். பிதுங்கியதை வெட்டிவிட்டு, மேல் விளிம்பில் மட்டும் ஆர்வி சீலன்ட் ஒரு கோடு. கூரையில் கிடைமட்டமான இடங்களுக்குத் தானாகப் பரவும் வகை, செங்குத்துக்குப் பரவாத வகை. கூரை என்ன பொருள் என்று பார்த்து அதற்கேற்ற சீலன்ட் வாங்குங்கள். அந்த நெற்றி விளக்குகளையும் கையோடு கழற்றி அடியில் பியூட்டைல் வையுங்கள். அதை விட்டுவிட்டு மூலையை மட்டும் செய்பவர்கள்தான் அதிகம்.

பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் பனிக்கு முன்னும், கூரையேறி மூட்டுகளைப் பார்த்தால் போதும். ஏறும்போது முழு உடம்பையும் நடுக்கூரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு எடையைப் பரப்புங்கள்.

தூரவழி:

மிக்க நன்றி. வின் எண்ணைக் கேட்டு வாங்கினேன், பத்தாவது எழுத்து எஃப். அப்போ சேஸி 1985. அண்ணாச்சி சொன்னது சரி. எஞ்சின் சத்தத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கோ. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

செயின் சத்தம்:

உள்ளதிலேயே பயம் குறைவான சமாச்சாரம் அதுதான். ஆனா அசட்டை பண்ணினா எஞ்சினே போகும்.

22ஆர்ஈயில் டைமிங் செயின், பெல்ட் கிடையாது. செயினைப் பிடிச்சு வைக்கிற இரண்டு கைடும் பிளாஸ்டிக். செயினை இழுத்துப்பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்யுது. ராத்திரி ஆயில் வடிஞ்சு, காலைல பிரஷர் ஏறுற வரைக்கும் செயின் தளர்ந்து அடிக்கும். இரண்டு மூணு விநாடியில் நின்னா கைடு இன்னும் இருக்குன்னு அர்த்தம், ஆனா நாள் எண்ணுது. சத்தம் நிக்காம ஓடினா ஓட்டுநர் பக்கத்து கைடு ஒடைஞ்சாச்சு. அதுக்கப்புறம் செயின் டைமிங் கவரோட அலுமினியத்தை அரம் மாதிரி அறுக்கும். கவருக்கு அந்தப்புறம் கூலன்ட் ஓடுது. ஓட்டை விழுந்தா கூலன்ட் ஆயில்ல கலந்து பேரிங்கெல்லாம் காலி.

பார்க்கிறது சுலபம். டிப்ஸ்டிக்ல ஆயில் வெளுத்து நுரையா இருக்கான்னு பாருங்க. அப்புறம் எஞ்சினை நிறுத்தி ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி டார்ச் அடிங்க. முடிஞ்சா வால்வ் கவரையே கழட்டுங்க, முன்பக்கம் கைடு நேரா தெரியும்.

மாத்தும்போது முழு கிட் போடுங்க: செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், டென்ஷனர், இரும்பு முதுகு வெச்ச கைடு, முன் கிராங்க் சீல், கேஸ்கெட். வாட்டர் பம்ப் அதே கவர்ல இருக்கு, அதையும் ஆயில் பம்ப் ஓ-ரிங்கையும் சேர்த்து மாத்திடுங்க. கைடு ஒடைஞ்சிருந்தா ஆயில் பேனை இறக்கியே ஆகணும், துண்டெல்லாம் ஆயிலை உறிஞ்சுற சல்லடையில் போய் அடைக்கும்.

ஒரு இடத்துல எல்லாரும் மாட்டிக்குவாங்க. வால்வ் கவரைத் தூக்கினதும் ஹெட்டோட முன்முனையில், டிஸ்ட்ரிபியூட்டர் கியர் கிட்ட, ஆயில் குட்டையா தேங்கி நிக்கும். அந்த ஆயிலுக்கு அடியில ஒரு போல்ட் தலை இருக்கு. டைமிங் கவரை ஹெட்டோட பிடிச்சிருக்கிறது அது. ஆயிலைத் துணியில ஒத்தி எடுத்து அதைக் கழட்டாம, "கவர் ஏன் வரமாட்டேங்குது"ன்னு நெம்பினா கவர் வெடிக்கும். கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட் 58 அடி-பவுண்டு, கிராங்க் புல்லி போல்ட் 116.

வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாருங்க: எஞ்சின் சூடா, நாலு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுசா மிதிச்சபடி. 171 பிஎஸ்ஐ புதுசுக்கு, 142க்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 14க்குள்ள. ரேடியேட்டர் வாயில் வைக்கிற கெமிக்கல் டெஸ்டர்ல நீலம் மஞ்சளா மாறினா ஹெட் கேஸ்கெட்.

வாங்கின பிறகு வால்வ் இடைவெளி: சூடான எஞ்சின்ல இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். இந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் டிக்டிக் சத்தம் இருக்கணும். சத்தமே இல்லாம இறுக்கி வெச்சா எக்ஸாஸ்ட் வால்வ் எரியும். எப்பவும் முழுச் சுமை இழுக்கிற வண்டிக்கு இது முக்கியம்.

ஆட்டோமேட்டிக் கியர்ல ஆயில் நிறமும் வாசனையும் பாருங்க. கருகல் நாத்தம் அடிச்சா விலையில அதையும் கழிங்க. ஏத்தத்துல ஓவர்டிரைவை அணைச்சிடணும். தனி ஆயில் கூலர் ஒண்ணு ரேடியேட்டர் முன்னால போட்டா ஆயுள் கூடும். மணிக்கு 55 மைல்தான் இதுக்கு இயல்பான வேகம். 70ல விரட்டினா பெட்டி காத்தைத் தள்ளியே எஞ்சின் வேகும்.

இன்னொண்ணு. "3 லிட்டர் வி6 வண்டி வாங்கிக்கோங்க, இழுவை நல்லா இருக்கும்"னு யாராவது சொன்னா, அந்த எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கெட் பிரச்சினை இருந்தது, டொயோட்டாவே மாத்திக் கொடுத்தது. மாத்தின பேப்பர் இருந்தா மட்டும் யோசிங்க.

நீலச்சுடர்:

ஃபிரிட்ஜுக்கு. முதலில் கரண்டில் மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இது அம்மோனியா உறிஞ்சல் ஃபிரிட்ஜ், கம்ப்ரஸர் இல்லை, குளிர 12 மணி நேரமாவது ஆகும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட்டியே பழக்கியிருந்தால் உள்குழாய் அடைத்துப்போகும்.

கரண்டில் குளிர்ந்து கேஸில் பத்தவில்லை என்றால் சின்ன வேலை: பர்னரில் துருப்பொடி, ஜெட் அடைப்பு, அல்லது சுடரை உணரும் தெர்மோகப்பிள். வெளிப்பக்கக் கதவைத் திறந்து, புகைக்குழாய்க்குள் இருக்கும் சுருள் தகட்டை இழுத்தெடுத்து, குழாயைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பர்னரை ஊதித் துடையுங்கள். ஜெட்டை ஆல்கஹாலில் ஊறவைத்துக் காற்றால் ஊதவும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் சுடர் மஞ்சளாகிப் புகை படியும்.

இரண்டிலும் குளிரவில்லை, அல்லது பின்பக்கம் மஞ்சள் தூள், அம்மோனியா நெடி இருந்தால் கூலிங் யூனிட் செத்தது. அந்த வயது ஃபிரிட்ஜுக்கு யூனிட் மாற்றுவதை விட 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் போடுவது மேல். கூரையில் ஃபிரிட்ஜின் புகைபோக்கி ஓட்டை ஒன்று குறைந்தால் ஒழுகும் இடமும் ஒன்று குறையும்.

கேஸ் லைன் முழுவதையும் சோதிக்காமல் ஓர் அடுப்பைக்கூடப் பற்றவைக்காதீர்கள். ரெகுலேட்டர் வெளியே 11 அங்குல நீரழுத்தம் வரவேண்டும். லைனை 8 அங்குலத்தில் நிறுத்தி வால்வை மூடினால் மானோமீட்டரில் (அழுத்தமானி) 3 நிமிடம் துளியும் இறங்கக் கூடாது. அசல் ரெகுலேட்டர் இன்னும் அப்படியே இருந்தால் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள். கேஸ் டிடெக்டருக்கும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டருக்கும் காலாவதித் தேதி பின்னால் இருக்கும். வீட்டு ஹீட்டரின் உள்ளே வெப்பக்கலத்தில் விரிசல் இருந்தால் புகை நேராகப் படுக்கைக்கு வரும். சின்னப் பிள்ளையோடு போகிறீர்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியது கன்வர்ட்டர், அதாவது வெளிக்கரண்டை 12 வோல்ட்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி. அந்தக் காலத்து கன்வர்ட்டர் நிறுத்தாமல் சார்ஜ் ஏற்றி பேட்டரியைக் கொதிக்கவைக்கும். புதிய பலநிலை சார்ஜர் போடுங்கள். லித்தியம் போடுவதானால் எஞ்சின் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்கக் கூடாது. லித்தியம் கிடைத்ததையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் எரியும். இடையில் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், இரண்டு முனையிலும் ஃபியூஸ். 100 ஆம்பியர்-மணி லித்தியம், ஈய பேட்டரியில் பாதி எடைகூட வராது, அண்ணாச்சியின் எடைக்கணக்குக்கு அது உதவும். ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஒன்ராறியோவில் அதை வண்டிக்கு உள்ளே வையுங்கள்.

வின்ட்சர் வாசி:

எல்லை தாண்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை. 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஆர்ஐவி எனும் இறக்குமதி வண்டிப் பதிவு, கனடியத் தர மாற்றம் எதுவும் தேவையில்லை. ஆனால் அமெரிக்கப் பக்கம் ஏற்றுமதிப் பதிவு வேண்டும்: டைட்டில் (உரிமை) ஆவணத்தை 72 மணி நேரம் முன்னதாக அமெரிக்க சுங்கத்துக்குக் கொடுக்கவேண்டும், ஏற்றுமதி எண்ணும் எடுத்திருக்கவேண்டும். சனிக்கிழமை காசைக் கொடுத்து அன்றே ஓட்டிவர முடியாது. கனடாப் பக்கம் 5 சதவீத ஜிஎஸ்டி எல்லையில், மாகாண வரி நம்பர் பிளேட் எடுக்கும்போது. பிறகு சேஃப்டி சான்றிதழ், அது 36 நாளுக்குத்தான் செல்லும். துருப்பிடித்த பிரேக் லைனும் ஃபிரேம் ஓட்டையும்தான் சேஃப்டியில் விழவைக்கும்.

ஐந்து நட் ஆக்சிலோடு அதை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பிளாட்பெட்டில் ஏற்றுங்கள்.

தூரவழி:

விற்பவருடன் திரும்பக் கதைத்தேன். ஆக்சில், மூலை, ஃபிரிட்ஜ் மூன்றையும் சொன்னதும் 7,000க்கு இறங்கிவிட்டார். ஃபிரிட்ஜ் கரண்டிலும் குளிரவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறார். பழைய டொயோட்டா யூ-ஹோல் (வாடகைக் கம்பெனி) பெட்டி வண்டி ஒன்றின் ஆறு நட் ஆக்சில் இங்கே ஒரு பழைய பாகக் கடையில் இருக்கு. அதைப் பொருத்தலாமா? 7,000 சரியான விலையா?

ஈரமானி:

மூலையைத் தவிர மற்ற இடங்களில் ஈரமானி 15க்குக் கீழே காட்டினால் 5,500க்குக் கேளுங்கள். பின்மூலைகளும் ஈரம் என்றால் விலையே பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். முன்னும் பின்னும் அழுகிய பெட்டியில் நடுக்கூரை மட்டும் தப்பியிருக்காது.

ஆக்சில் அண்ணாச்சி:

எனக்கு 6,000 வரை சம்மதம். ஆறு நட் வண்டி நல்ல நிலையில் கிடைக்கிறது இப்போ சுலபமில்லை.

யூ-ஹோல் ஆக்சில் பொருந்தும், ஒரு டன் சேஸியில் வந்ததாத்தான் இருக்கும். ஆனா ஆக்சிலை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. அதோட ஆறு நட் சக்கரம் நாலு, நட், டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள், யூ-போல்ட் தட்டு எல்லாம் சேர்த்துக் கேளுங்க. டிரைவ்ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் போல்ட் இடைவெளி உங்க வண்டியோட ஒக்குதான்னு அளந்து பாருங்க. கியர் விகிதத்தையும் பாருங்க: ஒரு சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி எண்ணுறதை விட டிஃபரன்ஷியலைத் திறந்து பற்களை எண்ணிப் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால வகுங்க. உங்க பழைய ஆக்சிலை விட விகித எண் குறைஞ்சா ஏத்தத்துல மூச்சு வாங்கும், மாறினா ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

பொருத்துறதுக்கு முன்னாடி டேப்பர் பேரிங், உள் சீல், பிரேக் சிலிண்டர், ஷூ எல்லாம் புதுசு. உள் சீல் போனா கியர் ஆயில் நேரா பிரேக் ஷூவில் ஊறும். யூ-போல்ட் பழசைத் திரும்பப் போடாதீங்க, அது ஒரு தடவை இழுபட்டா முடிஞ்சுது. சக்கர நட்டை முதல் 50 மைல் ஓடினதும் மறுபடி முடுக்குங்க. இரட்டைச் சக்கரத்தில் பெயிண்ட் படிஞ்சு நட் தளரும்.

உள் சக்கரத்துக்குக் காத்தடிக்க ஸ்டீல் நீட்டிப்பு வால்வ் போடுங்க, ரப்பர் குழாய் வகை கசியும். முன்னால ஐந்து நட், பின்னால ஆறு நட்டுன்னு ஆயிட்டா ஒரு ஸ்பேர் இரண்டுக்கும் பொருந்தாது. ஒண்ணு மட்டும் கொண்டுபோறதா இருந்தா முன்சக்கரத்துக்கானதை வைங்க. பின்னால ஒண்ணு போனாலும் பக்கத்துல இன்னொண்ணு இருக்கும், மெதுவா அடுத்த கடை வரைக்கும் போகலாம். ஆக்சில் மாறினதால கதவு நிலையில் இருக்கிற எடை அனுமதி ஏறிடாது, அந்தத் தகட்டுக்குள்ளயே ஏத்துங்க.